பால்மேடைக்குப் பக்கத்தில் நின்ற எல்லை

காலை ஆறு மணி பத்து நிமிடம். மாடி ஜன்னலால் முதலில் தெரிந்தது ஒரு மாட்டின் பின்பக்கம்.

அது லோட்ட. எட்டு மாடுகளில் அதற்கு மட்டும்தான் வலது தொடையில் பால் கொட்டி வழிந்ததுபோல ஒரு வெள்ளை மறு. லோட்டவுக்கு ஐந்தடி பின்னால் அப்பா. காலில் ரப்பர் பூட்ஸ், மேலே அம்மாவின் கம்பளிச் சட்டை, கையில் தடி. அப்பாவுக்கும் பின்னால் மாவட்ட எல்லைப் பலகை.

பின்னால் என்பதுதான் விஷயம். பலகை அப்பாவுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும்.

மலைப்பாதையில் மேலேயிருந்து பச்சை வெள்ளைப் பொலிஸ் கார் ஒன்று மெதுவாக இறங்கி வந்தது. அப்பாவைக் கண்டதும் இன்னும் மெதுவானது. பிறகு நின்றது.

"அண்ணா, எழும்பு. அப்பா போர்டைத் தாண்டிப் போட்டார்."

ஜூட் கண்ணைத் திறக்கவில்லை. "எந்தப் போர்ட்?"

"எங்கட போர்ட்."

எழும்பிவிட்டான்.

எங்கள் பலகை என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும்.

மாடுகளுக்கு மேலே

ஜேர்மனியின் ஹம் நகரிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், பிறகு பஸ், பஸ் திரும்பும் இடத்திலிருந்து நடை. அப்படிப் போனால் அந்த மலைப் பண்ணை வரும். அகதிகளை வைத்திருந்த விடுதி நிரம்பிவிட்டதால் ஊராட்சி அலுவலகம் எங்களை அங்கே அனுப்பியது. தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது, அண்ணன் ஜூட்டுக்குப் பன்னிரண்டு.

வீடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது. வாசல் உத்தரத்தில் கட்டியவர்களின் பெயர், ஆசீர்வாத வசனம், ஆண்டு எல்லாம் செதுக்கியிருந்தார்கள். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைப் புழு தின்றுவிட்டது. வீட்டுக்காரி அக்னெஸ் அன்ரி, வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து ஒரு இலக்கம் சொல்வார். வரி அலுவலகத்துக்காரர் வந்தால் வீடு முப்பது வருடம் கிழடாகிவிடும்.

அக்னெஸ் அன்ரி ஐம்பதைத் தாண்டிய விதவை. அந்த வீட்டில் அவர் எதையும் மாற்றவில்லை. கல்லில் குடைந்த கழுவுதொட்டி, விறகு அடுப்பு, கூரைக்குள் இறைச்சி தொங்கவிடும் புகை அறை. மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே கூரை. கீழே எட்டு மாடுகள், மேலே நாங்கள் நான்கு பேர். மாடுகளின் சூடு பலகை இடுக்கால் ஏறி வரும். மணமும் ஏறி வரும்.

பள்ளியில் என் பக்கத்தில் இருந்த பெண் தினமும் நான் வந்ததும் ஜன்னலைத் திறப்பாள். ஒரு மாதம் வெட்கப்பட்டேன். பிறகு கவனித்தேன், ஏழு பேருக்கு அதே மணம். அவள் அவர்களுக்கும் திறந்தாள்.

அப்பாவுக்கு அந்த மணம் வேறு வேலை செய்தது. பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்கியதில்லை என்று அம்மா சொல்வார். மன்னாரில் மாந்தைப் பக்கம் பட்டி மாடு வைத்திருந்தவர். பண்ணைக்கு வந்த முதல் இரவு, சாணி மணத்தில் விழுந்து படுத்தவர் காலையில் கோழிகள் சத்தம் போட்டும் எழும்பவில்லை. செத்துப்போனாரோ என்று அம்மா மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்.

அந்தப் பக்கத்தில் மனிதரை அவர்களுடைய பெயரால் அழைக்கமாட்டார்கள், வீட்டின் பெயரால்தான் அழைப்பார்கள். எங்கள் வீட்டின் பெயர் ஒய்லர். ஒய்லர் என்று ஒருவரும் அந்த வீட்டில் நூறு வருடமாக இல்லை. அக்னெஸ் அன்ரியின் குடும்பப் பெயரே வேறு. ஆனால் நான்கு மாதத்தில் அந்தோனி என்ற எங்கள் அப்பா, ஊருக்கு ஒய்லர் வீட்டு அன்டன் ஆகிவிட்டார். தபால்காரர் அப்படித்தான் கூப்பிட்டார். அப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

நிற்பது வேலையல்ல

அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அதனால் அவர் வேலை செய்யவில்லை. மாடுகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

காலை ஐந்தரைக்கு நிற்கத் தொடங்குவார். அவர் நின்றுகொண்டிருக்கும்போது எப்படியோ தொழுவம் சுத்தமாகும், புல் வந்து சேரும். பால் கறக்கும் இயந்திரம் பழுதான நாட்களில் எட்டு மாட்டின் பாலும் எப்படியோ வாளிக்குள் வந்துவிடும். கேட்டால் "நிக்கிறன்" என்பார். ஜேர்மன் மொழியில் அவர் முதலில் பிழையில்லாமல் சொல்லப் பழகிய வாக்கியம் அது.

எங்களிடம் மடித்து வைக்கும் ஒரு பத்திரம் இருந்தது. புகைப்படம், முத்திரை, அதன் கீழே ஒரு வரி: இந்த மாவட்டத்துக்கு வெளியே போக அனுமதி இல்லை. எங்கள் மாவட்டம் வீட்டு முற்றத்துக்கு மேலே, மலைப்பாதையில் நூற்றுப் பத்து மீட்டரில் முடிந்தது. அங்கே மரக்கம்பத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அதற்கு அப்பால் அடுத்த மாவட்டம். இங்கேயும் அதே புல், அங்கேயும் அதே புல்.

அப்பா ஏற்கெனவே ஒரு தடவை பிடிபட்டிருந்தார். ஹம்மில் இருந்த சித்தப்பாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். போவதற்கு ஒரு அனுமதித் துண்டு எழுதி வாங்க வேண்டும். அலுவலகம் கிழமைக்கு இரண்டு காலை மட்டும் திறக்கும். அவர்கள் தந்த டெர்மின், அதாவது வரச்சொன்ன நாள், ஞானஸ்நானத்துக்கு ஒன்பது நாள் பிந்தியது. பிள்ளையைத் தள்ளிவைத்து நனைக்க ஏலாது என்று சொல்லிவிட்டு அப்பா போனார். திரும்பி வரும் ரயிலில் பிடித்தார்கள்.

வந்த கடிதத்தை ஜூட்தான் வாசித்தான். முதல் தடவை என்பதால் தண்டப்பணம். இரண்டாம் தடவை என்றால் நீதிமன்றம்.

எங்கள் அன்ட்ராக், அதாவது அகதி விண்ணப்பம், அப்போது விசாரணைக்குக் காத்திருந்தது. அந்த நேரம் ஒரு வழக்கு விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று அம்மா பயந்தார். கடிதத்தை மடு மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். மாதாவும் வாசிக்கட்டும் என்றார்.

அன்றிலிருந்து அப்பா அந்த வெள்ளைப் பலகையைச் சுவர் மாதிரி நடத்தினார்.

ஓடித் தப்பும் இடம்

இந்தச் சுவரின் பயனைக் கண்டுபிடித்தவன் ஜூட்.

அக்னெஸ் அன்ரி சாராயத்தில் ஊறப்போட்ட செர்ரிப்பழம் ஒரு சாடியில் வைத்திருப்பார். நாங்கள் சேவலுக்கு ஒரு கை அள்ளிப் போட்டோம். சேவல் நடுப்பகலில் நான்கு தடவை கூவிவிட்டு, நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து படுத்தது. அடுத்த நாள் மாலைவரை எழும்பவில்லை. அப்பா தடியோடு வந்தார். நாங்கள் மலையில் ஏறி ஓடினோம். ஓடிய வேகத்தில் பலகையைத் தாண்டிவிட்டோம்.

அப்பா கம்பத்தடியில் நின்றுவிட்டார். பூட்ஸ் முனை கம்பத்துக்கு நேராக இருந்தது.

"ரெண்டு பேரும் இங்காலை வாங்கோ."

"ஏலாது அப்பா," என்றான் ஜூட். "நாங்கள் வெளி மாவட்டத்திலை நிக்கிறம்."

"எடேய், இருட்டினால் வீட்டைதானே வருவாய்?"

"இருட்டினால் உங்களுக்குக் கோவம் போயிடும்."

போய்விட்டது.

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் ஆறு தடவையாவது அடுத்த மாவட்டத்தில் தஞ்சம் புகுந்திருப்போம். ஒரே குறை தூரம். நூற்றுப் பத்து மீட்டர், அதுவும் ஏற்றம், பனியில். என் கால் குட்டை. இரண்டு தடவை பலகைக்கு ஏழெட்டு அடி முன்னால் பிடிபட்டேன். ஜூட் அப்பால் நின்று எனக்காகச் செபம் சொன்னான்.

பத்திரத்தில் எங்கள் இருவரின் பெயரும் இருந்தது, அதே வரி எங்களுக்கும் பொருந்தும் என்பதைப் பல வருடம் கழித்து அதை எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். சட்டப்படி பார்த்தால் அந்த வீட்டில் பெரிய குற்றவாளிகள் நாங்கள்தான்.

பனி உருகும் நேரம் பனி தள்ளும் வண்டி இடித்துக் கம்பம் சாய்ந்தது. ஒரு மாலை ஜூட் அதை ஆட்டிப் பார்த்தான். பல் மாதிரிக் கழன்று வந்தது.

"எடி ஸ்ரெல்லா, உனக்கு ஓட ஏலாது. போர்டுக்கு நடக்க ஏலும்," என்றான்.

முன்னால் அவன், பின்னால் நான், தோளில் கம்பம். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைபோல இறங்கி வந்தோம். வீட்டு முற்றம் முடியும் இடத்தில் பால்மேடை இருந்தது, பால் வண்டிக்காகக் கேன்களை எடுத்து வைக்கும் கல்மேடை. அதற்குப் பக்கத்தில் நட்டுக் கல்லால் அடித்து இறுக்கினோம். அடுத்த மாவட்டம் நூற்றுப் பத்து மீட்டர் கீழே இறங்கி வந்துவிட்டது.

ஒருவரும் கவனிக்கவில்லை. தபால்காரர் கீழேயிருந்து வந்து கீழேயே போய்விடுவார். பால் வண்டி மேடையோடு திரும்பிவிடும். மேலே புல்வெளியில் ஒரு சிறு கொட்டில் உண்டு, குளிர்காலம் முழுவதும் அது வெறுமையாகக் கிடந்ததால் வீட்டாருக்கும் மேலே போக வேலை இருக்கவில்லை.

அடுத்த கிழமையே சோதித்துப் பார்த்தோம். காரணம் மறந்துவிட்டது. முற்றத்தால் பதினைந்து எட்டில் தாண்டிவிட்டோம். அப்பா வந்தார், பலகையைப் பார்த்தார், நின்றார்.

இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நாங்களே நினைக்கவில்லை.

லோட்டவின் கன்று

மே மாதம் லோட்ட கன்று போட்டது. அப்பாவுக்கும் அக்னெஸ் அன்ரிக்கும் இடையில் வந்த ஒரே சண்டை அந்தக் கன்றால் வந்தது.

அந்த நாட்டு வழக்கம், கன்றைப் பிறந்த இரண்டொரு நாளில் தாயிடமிருந்து பிரித்து, ரப்பர் காம்பு வைத்த வாளியால் பால் கொடுப்பது. எங்கள் பக்கத்தில் கன்றை முதலில் ஊட்டவிட்டுத்தான் கறப்பார்கள். கன்று முட்டினால்தான் மாடு பாலை இறக்கும். கறந்து முடித்தபின் கன்றுக்கு ஒரு காம்பு மிச்சம் விடுவார்கள். அப்பா வேறு மாதிரிக் கறந்து பழகியவர் இல்லை.

கீழே தாய் கத்தியது, தொழுவத்தின் மறுமூலையில் கன்று கத்தியது. இரண்டு நாள் அப்பா பொறுத்தார். மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு, அக்னெஸ் அன்ரி கோழிக்குத் தீன் போடும் நேரம் பார்த்து, கன்றை அவிழ்த்துவிட்டார். லோட்ட அன்று வாளியை நிரப்பியது.

இப்படி இரண்டு கிழமை. பிறகு ஒரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். அக்னெஸ் அன்ரி கறக்கும் இயந்திரத்தை மடியில் பூட்டினார். லோட்ட ஒரு சொட்டு இறக்கவில்லை. திரும்பித் திரும்பிக் கன்று நின்ற மூலையைப் பார்த்தது. அக்னெஸ் அன்ரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவர்கள் பேசியது ஜேர்மன். எனக்கு நினைவில் இருப்பது எங்கள் வீட்டுத் தமிழில்தான், அப்படியே எழுதுகிறேன்.

"அன்டன், மாட்டைப் பழுதாக்கிப் போட்டீங்கள்."

"மாடு அம்மா. கன்று பிள்ளை," என்றார் அப்பா. அவருடைய ஜேர்மன் அவ்வளவுதான்.

"எனக்கு ரெண்டையும் தெரியும். பால் வண்டிக்காரனுக்கு நான் என்ன சொல்லுறது? மாடு யோசிச்சுக்கொண்டு நிக்குது எண்டோ?"

அன்று மாலையே அவர் கன்றைக் கொண்டுபோய் மேல் கொட்டிலில் கட்டினார். மேல் கொட்டில் பால்மேடையிலிருந்து தொண்ணூற்றைந்து மீட்டர் மேலே. பழைய எல்லைக்குப் பதினைந்து மீட்டர் கீழே. அதாவது எங்கள் மாவட்டத்துக்குள்ளேதான்.

நாங்கள் நட்ட பலகையின்படி பார்த்தால், முழுவதும் வெளி மாவட்டம்.

அடுத்த நாள் விடிய, லோட்ட வேலிக் கம்பியை அறுத்துக்கொண்டு பிள்ளையைத் தேடி மலையேறியது. அப்பா பின்னால் ஏறினார். அப்போது மணி ஆறு பத்து.

முப்பது மீட்டர்

நாங்கள் படுக்கை உடுப்போடு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பொலிஸ்காரர் பத்திரத்தை விரித்து வாசித்துக்கொண்டிருந்தார். இளைஞர். அந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்து மூன்று கிழமைதான் என்று பிறகு தெரிந்தது. லோட்ட யாரையும் பார்க்காமல் மேல் கொட்டிலை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

"இங்கை என்ன செய்யிறீங்கள்?"

"மாடு," என்றார் அப்பா.

"வேலையோ?"

"இல்லை. நிக்கிறது."

"நடந்துகொண்டெல்லோ இருந்தனீங்கள்?"

"மாடு நடக்குது. நான் பின்னாலை நிக்கிறது."

பொலிஸ்காரர் இதை எழுதவில்லை. பத்திரத்தில் அந்த வரியில் விரலை வைத்தார். பிறகு விரலால் பலகையைக் காட்டினார். "உங்கட மாவட்டம் அதோடை முடியுது. நீங்கள் முப்பது மீட்டர் வெளியிலை நிக்கிறீங்கள். முன்னமும் இப்பிடிப் பிடிபட்டிருக்கிறீங்களோ?"

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். "ஒருக்கா," என்றார்.

பொலிஸ்காரர் கொப்பியைத் திறந்து எழுதினார். எல்லைப் பலகைக்கு அப்பால், ஏறக்குறைய முப்பது மீட்டர்.

ஜூட்டின் காது சிவந்திருந்தது. என் காதுக்குள் சொன்னான்: "நாங்கள்தான் போர்டைக் கழட்டினது எண்டு சொன்னால் எங்களைப் பிடிப்பினம்."

"சொல்லாட்டி அப்பாவைப் பிடிப்பினமே!"

"அரசாங்கத்தின்ரை போர்ட் எடி. அதைக் கழட்டினால் குடும்பத்தையே அனுப்பிப்போடுவாங்கள்."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். தலையை மிகச் சிறிதாக, இல்லை என்று ஆட்டினார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்னெஸ் அன்ரி இரவுச் சட்டைக்கு மேலே மழைக்கோட்டோடு மேலே ஏறி வந்தார்.

"ஆரது என்ரை மாட்டை மறிச்சது?"

"மாட்டை இல்லை அம்மா, இவரை."

"இவர் இல்லாமல் மாடு வராது. அப்ப மாட்டைத்தான்."

பொலிஸ்காரர் பொறுமையாக விளக்கினார். முதல் குற்றம் பதிவில் இருக்கிறதா என்று நிலையத்தில் கேட்க வேண்டும், இருந்தால் வழக்கு. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் காரில் இருந்த வயர்லெஸ் கரகரப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. "உங்கட வீட்டிலை டெலிபோன் இருக்கோ?"

அக்னெஸ் அன்ரி பால்மேடையைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் நின்ற பலகையைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். அந்த மலையில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

"இருக்கு," என்றார். "ஆனா என்ரை வீட்டிலை வெறுவயித்தோடை ஒருத்தரும் டெலிபோன் எடுக்கிறதில்லை. கோப்பி இருக்கு. புகை போட்ட இறைச்சி இருக்கு. அன்டன், நீங்களும் வாங்கோ."

"நான் திரும்பி வந்து தூரத்தைச் சரியா அளந்து எழுத வேணும்," என்றார் பொலிஸ்காரர்.

"அளவுங்கோ. மலை எங்கை போகப்போகுது?"

போகும்போது எங்களிடம் சொன்னார்: "பிள்ளையள், கோழிக்குத் தீன் போட்டிட்டு வாங்கோ. ஆறுதலா."

கோழிகளுக்கு அவரே ஐந்தரைக்குத் தீன் போட்டுவிடுவார் என்பது எங்களுக்குத் தெரியும். சமையலறை ஜன்னல் பள்ளத்தாக்குப் பக்கம் பார்த்தது என்பதும் தெரியும்.

ஏற்றம்

கம்பம் இந்தத் தடவை பல் மாதிரிக் கழன்று வரவில்லை. நாங்களே இறுக்கியது. ஜூட் கட்டிப்பிடித்து ஆட்டினான், நான் கையால் மண்ணைத் தோண்டினேன். வந்ததும் குழியை மூடி அதற்கு மேலே ஒரு பால் கேனை இழுத்து வைத்தோம்.

மலையேறினோம். மேல் கொட்டிலைத் தாண்டும்போது லோட்டவின் கன்று கதவிடுக்கால் மூக்கை நீட்டியது. லோட்ட அந்த மூக்கை நக்கிக்கொண்டிருந்தது. எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பழைய குழியைக் காணவில்லை. பனி உருகி, எரு போட்டு, புல் முழங்கால்வரை வளர்ந்துவிட்டது.

"இதிலைதான்," என்றேன்.

"இன்னும் மேலை."

"இல்லை அண்ணா, கொட்டிலுக்குக் கிட்டத்தான் இருந்தது."

"கிட்ட நட்டு, அப்பா எல்லைக்குக் கிட்ட நிண்டவர் எண்டு அவன் எழுதினால்? மேலை நட்டால் ஒருத்தனும் வாய் திறக்க ஏலாது."

அது எனக்கும் சரியாகப் பட்டது. மேலே போனோம். நல்லெண்ணம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மூச்சு முடிந்த இடத்தில், ஒரு புதர்ப்பற்றைக்குப் பக்கத்தில், அகழான் எலி கிளறிவிட்ட பொலபொல மண் இருந்தது. அதில் நட்டு, கம்பத்தைச் சுற்றி இருவரும் குதித்தோம். பலகை நேராகத்தான் நின்றது.

கீழே வந்து கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். என் கை முழங்கைவரை செம்மண். புல்லில் துடைத்தேன். புல்லும் சிவந்தது, கையும் சிவந்தது.

பார்த்ததைச் சொல்வது

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் வெளியே வந்தார்கள். பொலிஸ்காரரின் உதட்டில் வெண்ணெய். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிலையத்திலிருந்து என்ன பதில் வந்தது என்று தெரிந்துவிட்டது. முதல் குற்றம் பதிவில் இருந்தது.

அம்மா மாடி ஜன்னலில் நின்றார். கையில் செபமாலை.

பொலிஸ்காரர் கொப்பியைத் திறந்துகொண்டு பால்மேடைவரை நடந்தார். நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பால் கேன் ஒன்று கொஞ்சம் சரிந்து நின்றது. அதன் பிறகு தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தார். மேலே, வெகு மேலே, வெள்ளையாக ஒரு புள்ளி.

கொப்பியைப் பார்த்தார். மறுபடியும் புள்ளியைப் பார்த்தார்.

"அந்தப் பலகை அங்கையோ நிண்டது?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"நான் மாடு பார்க்கிறது," என்றார் அப்பா. "பலகை பார்க்கிறது இல்லை."

அக்னெஸ் அன்ரி பக்கம் திரும்பினார். அவர் கோப்பை துடைக்கும் துணியை மடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, அது நிக்கிறது என்ரை காணியிலை. நடேக்கை ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. இப்ப மட்டும் என்னைக் கேக்கிறியளோ?"

கடைசியில் பொலிஸ்காரர் என் முன்னால் வந்து குனிந்தார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, ஜேர்மன் தெரியும், பொய் சொல்லப் பழகாத வயது என்று நினைத்திருப்பார்.

"நீ சொல்லு பாப்பம். எல்லைப் பலகை எங்கை நிக்குது?"

ஜூட் மூச்சை நிறுத்தினான். அம்மாவின் செபமாலையும் நின்றது.

நான் மலையைக் காட்டினேன். "அங்கை நிக்குது."

எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

காட்டிய கையை அவர் பார்த்தார். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை, அவசரப்படாமல் பார்த்தார்.

"இந்தக் கையாலையோ கோழிக்குத் தீன் போட்டனி?"

"ஓம்."

"ஆழமாப் போட்டிருக்கிறாய்."

அவர் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். அக்னெஸ் அன்ரியிடம் இறைச்சி நன்றாக இருந்தது என்றார். என்னிடம், "பள்ளிக்குப் போக முன்னம் கழுவு," என்றார்.

கார் வந்த வழியே மலையேறியது. பற்றைக்குப் பக்கத்தில், பலகைக்கு நேரே, ஒரு நிமிடம் நின்றது. பிறகு போய்விட்டது.

பிடிபட்டது

காரின் சத்தம் அடங்கியதும் அப்பா கோழிக்கூட்டுச் சுவரில் சாத்தியிருந்த தடியை எடுத்தார்.

எங்களுக்கு எதைச் செய்ய வேண்டும் என்று தெரியும். ஓடினோம். பால்மேடையைத் தாண்டியபோதுதான் நினைவு வந்தது, அங்கே ஒன்றும் இல்லை என்று. மேல் கொட்டில்வரை ஓடினோம். அதற்குப் பிறகும் மலை இருந்தது. ஜூட்டே முதலில் விழுந்தான். எட்டிப் பார்த்தால் பலகை இன்னும் தலைக்கு மேலே.

அப்பா நடந்தே வந்து சேர்ந்தார். இருவரின் காதையும் பிடித்தார்.

"ஆர் உங்களை இவ்வளவு தூரத்திலை கொண்டுபோய் நடச் சொன்னது?"

"பழைய குழி தெரியேல்லை அப்பா," என்றான் ஜூட். பிறகு விழித்தான். "உங்களுக்குத் தெரியுமோ?"

"கீழை கொண்டுவந்த அண்டைக்கே தெரியும். மாடு மேய்க்கிறவனுக்குக் காணியின்ரை எல்லை தெரியாதோ? அதாலைதானே துணிஞ்சு லோட்டவுக்குப் பின்னாலை ஏறினனான்."

"அப்ப அவரிட்டை ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

அப்பா என் கையைப் பார்த்தார். "என்னெண்டு சொல்லுறது? என்ரை பிள்ளையள் போர்டைக் களவெடுத்தவை எண்டோ?"

ஜூட்டுக்கு இன்னொரு கணக்கு சரிவரவில்லை.

"அப்பா, போர்ட் பொய் எண்டு தெரிஞ்சும் ஏன் எங்களைத் துரத்திக்கொண்டு வந்து அதிலை நிண்டனீங்கள்?"

காதை விட்டார். தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஏறக் களைக்கும்தானே," என்றார்.

கீழே முற்றத்தில் அக்னெஸ் அன்ரி இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்: "அன்டன்! அந்தக் கன்றையும் அவிட்டுக்கொண்டு வாங்கோ! ஒவ்வொரு நாளும் பொலிசுக்குச் சமைக்க என்னால ஏலாது!"

அன்றிலிருந்து லோட்டவின் கன்று தாய்க்குப் பக்கத்தில் நின்றது. காலையில் முதலில் ஊட்டியது, பிறகு லோட்ட வாளியை நிரப்பியது. அந்தச் சனிக்கிழமை அக்னெஸ் அன்ரி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. நீதிமன்றத்திலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. அம்மா பழைய கடிதத்தை மடு மாதாவுக்குப் பின்னாலேயே விட்டுவைத்தார், ஒரு காவலுக்கு.

சென்ற கோடையில் அந்தப் பக்கம் போனேன். அளக்கும் நாடா கொண்டுபோயிருந்தேன். நாங்கள் நட்ட அதே இடத்தில் கம்பத்தை மாற்றி இரும்பில் போட்டிருக்கிறார்கள், அடியில் கொங்கிரீட். பால்மேடையிலிருந்து பலகைவரை நூற்று எழுபத்திரண்டு மீட்டர்.